தைவோ பொம்மையின் குரல்

ஒரு நிமிடம் பொறுங்கள் ஐயா, இந்த வாளியையும் ஊற்றிவிட்டு வருகிறேன். கிழவர் ஒனாதேலேயின் பட்டறை எரிந்து சாம்பலாவதில் எனக்கு வருத்தமில்லை. காற்று எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது. கொடியில் துணி கிடக்கிறது. மரப்புகை ஏறின துணியை எத்தனை அலசு அலசினாலும் வாடை போகாது.

இதோ, அடங்கிவிட்டது. மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், கொளுத்தியவர்களும் அவர்கள்தானே. எங்கள் ஒகே-எடுன் மலையூர்க்காரர்களுக்கு எந்த வேலையையும் பாதியில் விடுவது பிறவிக் குணம். தீ வைப்பதைக்கூட முழுசாகச் செய்யத் தெரியாது.

கிழவரை உங்கள் வண்டியில் உட்கார வைத்திருப்பதைப் பார்த்தேன். கையில் விலங்கு வேறு. கழற்றிவிடுங்கள். அவர்மேல் எனக்கு இரக்கம் என்று நினைக்க வேண்டாம். என் அக்கா கெஹிந்தே மேகத்தூணிலிருந்து விழுந்து செத்ததற்கு அவர் செதுக்கிய பொம்மைதான் காரணம் என்று ஊர் சொல்கிறது. பொம்மை பொய் சொன்னது வாஸ்தவம். ஆனால் அவ்வளவு நேர்த்தியான வேலையை ஒனாதேலே செய்தார் என்று நீங்கள் எழுதிக்கொண்டு போனால், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகாது. வாழ்நாளில் அவர் அப்படி ஒன்று செய்ததில்லை.

உட்காருங்கள். அந்த முக்காலி ஆடும், இதில் உட்காருங்கள். எழுத ஆரம்பிக்கலாம். நான் வேகமாகப் பேசமாட்டேன்.

என் பெயர் இடோவு. எங்கள் ஊரில் பெயரைச் சொன்னால் ஜாதகத்தைச் சொன்ன மாதிரி. இரட்டைப் பிள்ளை பிறந்தால் முதலில் வெளியே வருவது தைவோ, அடுத்து வருவது கெஹிந்தே. இவர்கள் கணக்கில் பின்னால் வந்தவள்தான் மூத்தவள். 'நீ போய் உலகத்தை ருசி பார்த்துச் சொல்லு, நல்லா இருந்தா நான் வரேன்' என்று வயிற்றுக்குள்ளிருந்தே தைவோவை அனுப்பிவைக்கிறாளாம் கெஹிந்தே. அந்த இருவருக்கும் அடுத்து அதே வயிற்றில் பிறப்பது ஆணோ பெண்ணோ, அதற்குப் பெயர் இடோவு. இரட்டையருக்குப் பின்னால் வரும் எஷு என்பார்கள். முச்சந்தியில் நின்று வம்பு வளர்க்கிற தெய்வம் அது. என் அக்காமார் இருவரும் செய்த ஒரே சாமர்த்தியம் ஒன்றாகப் பிறந்தது. நான் செய்த ஒரே தப்பு தனியாகப் பிறந்தது.

என் அம்மாவை ஊர் 'இயா இபேஜி' என்றுதான் கூப்பிடும். இரட்டையரின் அம்மா என்று பொருள். நான் பிறந்த பிறகும் அதே பெயர்தான். இந்தத் தெருவில் யாராவது அவளை 'இடோவு அம்மா' என்று கூப்பிட்டு நீங்கள் கேட்டிருந்தால் சொல்லுங்கள், இந்த வாக்குமூலத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

செம்பனை எண்ணெயில் காராமணியை வேகவைத்தால் முதல் கரண்டி அவர்கள் இருவருக்கும். நான் தட்டை நீட்டினால் அம்மா சிரிப்பாள்.

"எஷு காத்திருக்கும்டி. இபேஜி காத்திருக்காது."

சிரித்துக்கொண்டே சொல்வாள். திட்டிச் சொல்லியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். சிரிப்புக்கு என்ன பதில் இருக்கிறது?

மலை உச்சியில் நிற்கும் மேகத்தூணைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருப்பீர்கள். அதன் தலை மேகத்துக்குள் இருக்கிறது. அங்கே கட்டியிருக்கும் வலைகளில் மேகம் மோதி, நீராகிக் குழாயில் இறங்குகிறது. ஆறு செத்துப்போன பிறகு எங்களுக்கு அதுதான் ஆறு. வலை கிழியும், தூசி அடைக்கும். யாராவது ஏறித்தான் ஆகவேண்டும். யார் ஏறலாம் என்பதில்தான் எங்கள் பெரியவர்களின் மூளை வேலை செய்தது. எடுன் குரங்கு இரட்டையருக்கு ரத்த உறவு. எடுன் மரமேறும். ஆகையால் தூணில் ஏற இரட்டையருக்குத்தான் உரிமை. மேகத்தைக் கறக்கத் தெரிந்தவர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு இது.

தூணில் வழிநெடுக இரும்பு வளையங்கள். மேகத்தோடு உரசி உரசி அவற்றில் சிலவற்றில் மின்சாரம் தங்கிவிடும். இடிக்கு அதிபதி ஷாங்கோ, அதனால் இதை ஷாங்கோவின் எச்சில் என்போம். கொஞ்சம் பொறுத்தால் தானாக வடிந்துவிடும். பொறுக்காமல் பிடித்தால் ஆள் மிஞ்சமாட்டார். எந்த வளையத்தில் எச்சில் இருக்கிறது என்று காட்ட ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். அது இப்போது தூண் மேஸ்திரி அக்கின்லாபியின் வீட்டில் கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. தைவோ இருக்கும்போது கருவி எதற்கு? ருசி பார்க்கத்தானே அவள் பிறந்தாள்.

அவள் பார்த்த விதம் இது. பெயர் சூட்டும் நாளில் எங்கள் ஊரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் காதுக்கு ஒன்றாக ஒரு ஜோடி மணி பதிப்பார்கள். எள்ளளவுதான் இருக்கும். அது அந்தப் பிள்ளையின் குரலைக் குடித்து வளரும். ஒரு மணியிடம் மெல்லச் சொன்னதை, எங்கே இருந்தாலும், அதன் ஜோடி உரக்கச் சொல்லும்; ஒன்று கேட்டதை மற்றதும் கேட்கும். மின்சாரத்தின் பக்கத்தில் போனால் வண்டு மாதிரி ரீங்காரமிடும். தைவோ முன்னால் ஏறி வளையத்தின் அருகே காதை வைப்பாள். ரீங்காரம் கேட்டால் 'நில்' என்பாள். கேட்காவிட்டால் 'வா' என்பாள். கெஹிந்தே வருவாள். ஒரு வளையத்திலிருந்து கொக்கியைக் கழற்றி அடுத்ததில் மாட்டும்வரை ஏறுகிறவளுக்குப் பிடிமானம் அந்த ஒரு சொல்தான்.

தைவோ போன மழைக்காலத்தில் செத்தாள். அதில் என் கை இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எப்போதும் ஏதாவது பாட்டை முணுமுணுக்கிற பழக்கம் அவளுக்கு. தன் பாட்டில் தன் காதின் ரீங்காரத்தைக் கேட்கத் தவறினாள். அவ்வளவுதான்.

இரட்டையரில் ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போய்விடும் என்பது இவர்கள் பயம். அதற்கு வைத்தியம் பொம்மை. செத்தவளுக்காக மரத்தில் ஒரு சின்ன உருவம் செதுக்கி, கொண்டைக்கு நீலம் பூசி, உடம்புக்குச் செஞ்சாந்து தேய்த்து, குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, இருப்பவளோடு கூடவே வைத்துக்கொள்வார்கள். பழைய காலத்தில் அது சும்மா மரம். இப்போது செத்தவளின் காதுமணியை அதற்குள் பதிக்கிறார்கள். மணி குடித்து வைத்த குரலில் பொம்மை நாலு வார்த்தை பேசும். தாய்மார்கள் அந்த நாலு வார்த்தையைக் கட்டிக்கொண்டு அழுவார்கள்.

பொம்மை தயாரான அன்று அம்மா படுக்கையில் இருந்தாள். கெஹிந்தே எழுந்திருக்கவே இல்லை. என்னை அனுப்பினார்கள். ஒரு காரியத்துக்கு எஷுவை அனுப்பினால் என்ன நடக்கும் என்று அவர்களுடைய கதைகளிலேயே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறது. யாரும் தங்கள் கதையைத் தாங்களே காதில் வாங்குவதில்லை.

ஒனாதேலே பொம்மையைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"உங்க அக்காவோட மணி ரெண்டும் கரிஞ்சுபோச்சுடி. உள்ள ஒண்ணுமே இல்ல. இது பேசாது."

"அப்புறம் எதுக்கு பாபா செஞ்சீங்க?"

"எங்க காலத்துல எல்லாம் ஊமைப் பொம்மைதான். அதையும் வச்சுக்கிட்டு ஜனங்க அழுது தீத்தாங்க. நீயே அம்மாகிட்ட பதமாச் சொல்லிடு. நான் சொன்னா இங்கயே படுத்துப் புரளுவா, என்னால தாங்க முடியாது."

"சொல்றேன்."

"மறக்காம சொல்லிடுவல்ல? உன்ன நம்பலாமா?"

"நான் எப்ப பாபா பொய் சொன்னேன்?"

அவர் சிரித்தார். எல்லோரும் என்னிடம் சிரித்தே பேசுவார்கள்.

வழியில் மாமரத்தடியில் உட்கார்ந்து, ஊசியால் என் இடது காதுமணியைத் தோண்டி எடுத்துப் பொம்மைக்குள் வைத்தேன். அம்மாவின் மேல் பரிதாபப்பட்டு அப்படிச் செய்தேன் என்று எழுதலாம், பாதி உண்மை. மீதியையும் சொல்கிறேன். தைவோவின் இடத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. காதுப் புண் தெரியாமல் அன்றிலிருந்து தலைக்கட்டு கட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா பொம்மையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் சமையல்கட்டில் உட்கார்ந்து, வலது காதில் இருந்த மணியைத் தொட்டுக்கொண்டு, மெல்ல "அம்மா" என்றேன். பொம்மை "அம்மா" என்றது. மரத்துக்குள்ளிருந்து வரும் குரல் சன்னமாக இருக்கும். அக்கா தங்கைகளின் குரல் எப்படியும் ஒரு சாயல்தான்.

அம்மா பொம்மையைத் தன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பிறகு, "சாப்பிட்டியாடி கண்ணு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை அந்தக் குரலில் நான் முதல் தடவை கேட்கிறேன். "இல்லம்மா, பசிக்குது" என்றேன். எழுந்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்தவள் எழுந்து, பானையைத் திறந்து, முதல் கரண்டியைப் பொம்மைக்கு வைத்தாள். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்புறம்தான் வைத்தாள்.

ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்த பெண் பொம்மைக்குள்ளிருந்து பேசுகிறாள். பெற்றவளுக்கு அடையாளம் தெரியவில்லை. என் குரலை இவர்கள் எவ்வளவு காலம் கேட்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஒனாதேலேயின் நேர்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொம்மை பேசுகிறது என்ற சேதி ஊரெல்லாம் பரவியது. மணி கரிந்ததைத் தன் கண்ணால் பார்த்தவர் அவர். வந்து, 'அது எப்படிப் பேசும்' என்று கேட்டிருக்க வேண்டாமா? 'செத்த மணியையே பேச வைத்த கை' என்று ஜனங்கள் கிழங்கும் சேவலும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டு, 'எல்லாம் மூதாதையர் அருள்' என்றார். என் வேலைக்குக் கிடைத்த சேவல்கள் அவை. வண்டியில் உட்கார்ந்து அழுகிறாரே, அதை நினைத்து அழட்டும்.

பேசும் பொம்மை கிடைத்ததும் கெஹிந்தே மறுபடி தூணில் ஏறத் தயாரானாள். தனியாளாக ஏற விதி இல்லை, ஆனால் பொம்மையும் தைவோதானே? பொம்மையின் காலில் செம்புக் கம்பி சுற்றி, நீளமான மூங்கிலின் நுனியில் கட்டி, அடுத்த வளையத்தருகே தூக்கிப் பிடிப்பாள். "தைவோ, பாத்துச் சொல்லு" என்பாள். எச்சில் இருந்தால் ரீங்காரம் பொம்மையின் மணியிலிருந்து என் காதுக்கு வரும். நான் கீழே துணி துவைத்துக்கொண்டோ கிழங்கு உரித்துக்கொண்டோ, "நில்" என்பேன். வடிந்ததும் "வா" என்பேன்.

ஒரு வறட்டுக் காலம் முழுக்க நான் அவளை ஏற்றி இறக்கியிருக்கிறேன் ஐயா. ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. தைவோ உயிரோடு இருந்தபோதுகூட வாரம் ஒரு முறை கெஹிந்தேவின் விரல் பொசுங்கும். என் காலத்தில் ஒரு கொப்புளம் இல்லை. மேஸ்திரி அக்கின்லாபி ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்: "உசுரோட இருந்த தைவோவ விட செத்த தைவோ கெட்டிக்காரி." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். யாருக்காகத் தட்டுகிறேன் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

தூணில் பாதி வழியில் ஒரு பலகைத் தட்டு உண்டு. கெஹிந்தே அங்கே உட்கார்ந்து பொம்மையோடு கதை அடிப்பாள். பெரும்பாலும் என்னைப் பற்றித்தான்.

"தைவோ, கேட்டியா. நம்ம வீட்டு எஷு இப்பல்லாம் தலைக்கட்டு இல்லாம வாசல் தாண்டறதில்ல. நேத்து அம்மாவோட புதுத் துணிய எடுத்துக் கட்டிக்கிட்டுத் தெருவுல ராணியாட்டம் நடந்துச்சு. கொக்குக்கு முண்டாசு கட்டின மாதிரி இருந்துச்சு."

"அழகாத்தான் இருந்திருக்கும்," என்றது பொம்மை.

"உனக்கு அப்படித்தான் தோணும்."

சொல்லிவிட்டு நிறுத்தாமல் சிரித்தாள். எதற்கு அவ்வளவு சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. உயரத்தில் காற்று குறைவு, மூளைக்கு எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுடைய பாசத்தின் லட்சணத்துக்கு இன்னொன்று சொல்கிறேன். கட்டிக்கொண்டு போகிற காராமணி வடையில் பச்சை மிளகாயாகப் பார்த்து அள்ளிப் போட்டுப் பிசைவாள். பொம்மையின் வாயில் ஒரு துண்டைத் தேய்த்துவிட்டு, "காரமா இருக்கா? உனக்குத்தான் இது ரொம்பப் பிடிக்குமே," என்பாள். தைவோவுக்குக் காரமே ஆகாது. ஒரு மிளகாய் கடித்தால் அன்றைக்கெல்லாம் மூக்கை உறிஞ்சுவாள். காரம் தின்கிறவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். ஒரே வயிற்றில் ஒட்டிக்கிடந்தவளுக்கு எது பிடிக்கும் என்பதைக்கூட ஒரு வருஷத்துக்குள் மறந்துவிட்டாள். மிச்ச வடையை வீட்டுக்குக் கொண்டுவந்து என் தட்டில் போடுவாள். பொம்மையின் எச்சில். நான் தின்றேன். பசி சொரணை பார்க்காது.

ஊரில் இதற்குள் புதிய ஜோடிகளைத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தது. மேஸ்திரியிடம் போனேன். ஒளிந்து போகவில்லை, தூணடியில், எல்லோரும் நிற்கும்போது.

"மேஸ்திரி, அக்காவுக்கு முன்னால என்ன ஏறவிடுங்க. மூங்கில்ல பொம்மையைத் தூக்கிக்கிட்டு அவ கஷ்டப்பட வேணாம்."

"யாரு, நீயா?" அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். "எஷுவ முன்னால விட்டு இபேஜிய பின்னால வரச் சொன்னா தூணுக்கே வெக்கமாயிடும். போம்மா, போய்த் துணியத் துவை."

"சோதிச்சுப் பாருங்க. எந்த வளையத்துல எச்சில் இருக்குன்னு நான் இங்க தரையில நின்னே சொல்லுவேன்."

"எச்சிலா? உன் வாயிலயா?" என்றான் வலை இழுக்கிறவன் ஒருவன். சிரித்தார்கள்.

கெஹிந்தே பக்கத்தில் இடுப்புக் கச்சையை இறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சொல் சொன்னால் போதும். மூத்தவள் சொன்னால் மேஸ்திரி மறுக்கமாட்டார். அவள் சொன்னாள்.

"இவ வேணாம் மேஸ்திரி. எனக்கு என் தைவோ போதும். இவள எந்தக் காலத்துலயும் ஏத்தாதீங்க. ஏத்தினீங்கன்னா நான் இறங்கிடுவேன், அப்புறம் ஊருக்குத் தண்ணி நீங்களே புடிச்சுக்கணும்."

பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்டுக்குப் போடி. வெயில்ல நிக்காத. உன் இடம் தரைதான்," என்றாள்.

நான் கோபப்பட்டேன் என்று எழுதாதீர்கள். கோபப்படுகிறவர்கள் தூங்கமாட்டார்கள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். நான் யோசித்தது ஒன்றுதான். இவர்களுக்கு என் காது வேண்டும், என் வாய் வேண்டும், என் கவனம் வேண்டும். என் பெயர் மட்டும் வேண்டாம். சரி, பெயரில்லாதவள் சொல்கிற சொல்லுக்குப் பொறுப்பு யாருடையது? மரத்துண்டு சொன்னதைக் கேட்டு மேகத்துக்குள் கை நீட்டுகிறவளுடையதா, இல்லையா? நீங்கள் படித்தவர், யோசித்துப் பாருங்கள்.

மறுநாள் காலையில் நான் முற்றத்தில் அம்மாவின் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தேன். கெஹிந்தே பலகைத் தட்டைத் தாண்டி மேலே போய்விட்டாள். மேகம் அன்று கனமாக இருந்தது.

"தைவோ, தூக்கறேன். பாத்துச் சொல்லு."

ரீங்காரம் வந்தது. அதற்கு முன் அப்படி ஒன்று கேட்டதில்லை. காதுக்குள் வண்டு இல்லை, குளவிக்கூடு. வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் இடம் தரை என்று சொல்லியிருந்தாள். தரையில்தான் நின்றேன். புடவையின் மறுமுனையையும் பிழிந்து முடித்தேன்.

"தைவோ?" என்றாள் மறுபடியும்.

"வா," என்றேன்.

ஒரே ஒரு எழுத்து. அவளைத் தள்ளவில்லை, கயிற்றை அறுக்கவில்லை. தூண் இருக்கும் திசையில்கூடத் திரும்பவில்லை. புடவையைக் கொடியில் போட்டுவிட்டுத்தான் மலைக்கு ஓடினேன். ஓடிப் போனவர்களில் முதல் ஆள் நான்தான். கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

ஊர் அதற்கு ஒரு கதை வைத்திருந்தது. 'தைவோவுக்குத் தனியாக இருக்க முடியவில்லை, அக்காவை அழைத்துக்கொண்டாள்.' அழகான கதை. யாருக்கும் தண்டனை இல்லாத கதை. அதிலேயே விட்டிருந்தால் நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்.

நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனி வீட்டில் தட்டு ஒன்றுதான், முதல் கரண்டி எங்கே விழும் என்று யோசிக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். அம்மா அழுது முடித்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஒனாதேலே வீட்டுல இருக்காரா? ரெண்டாவது பொம்மைக்குச் சொல்லணும்."

பெற்ற வயிறு எப்படிப்பட்டது பாருங்கள். உயிரோடு ஒருத்தி தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிறாள்; இவள் மரத்துக்குச் சொல்லி அனுப்புகிறாள். இரண்டு பொம்மை, இரண்டு தட்டு. அதற்கப்புறம் எஷு.

இரண்டு பொம்மைக்கும் மணியை ஜோடி சேர்த்துப் பதிக்கவேண்டும் என்று கிழவர் பழைய பொம்மையைத் திறந்தார். அதில் இருப்பது கரிந்த மணி இல்லை, யாருடையதோ நல்ல மணி என்று கண்டார். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். இப்போதுதான் அவருக்கு நேர்மை வந்தது. கூட்டத்தின் நடுவில் சொல்லிவிட்டார். ஜனங்கள் அவரையே பிடித்துக்கொண்டார்கள்: கண்ட மணியை வைத்து ஏமாற்றினாய், கிழங்கும் சேவலும் தின்றாய், ஒரு பெண்ணைக் கொன்றாய். பொம்மையை எடுத்துப்போனவள் இடோவு, அவளைக் கேளுங்கள் என்று அவர் கெஞ்சியதை நானே என் காதால் கேட்டேன். மேஸ்திரி அக்கின்லாபி என்ன சொன்னார் தெரியுமா?

"அந்தத் துணி துவைக்கிற குட்டியா? அதுக்கு இவ்வளவு மூளை ஏதுய்யா?"

அதற்கப்புறம்தான் பட்டறைக்குத் தீ வைத்தார்கள். அதற்கப்புறம்தான் நானும் உங்களிடம் பேசுவது என்று முடிவு செய்தேன். பழி சுமத்துவதற்குக்கூட இவர்களுக்கு என் பெயர் வாயில் வரவில்லை ஐயா. நீங்கள் எழுதுகிற தாளில் அது பெரிதாக இருக்கட்டும். வறட்டுக் காலம் முழுக்க ஒரு கொப்புளம் இல்லாமல் கெஹிந்தேவை ஏற்றி இறக்கியது யார் என்பதையும் எழுதுங்கள். முடிந்தால் அந்தப் பகுதியை மேஸ்திரிக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

என் வலது காதைச் சோதிக்க வேண்டுமா? இதோ. தலைக்கட்டை அவிழ்த்துவிட்டேன். இடதில் ஓட்டை, வலதில் மணி. இரண்டும் ஒரே ஜோடி என்று யாரும் பார்த்துச் சொல்லலாம்.

மற்றபடி எல்லாம் சொல்லியாகிவிட்டது. கெஹிந்தே கடைசியாக என்ன சொன்னாள் என்று மறுபடியும் கேட்கிறீர்கள். மேலே பேசுவதைப் பதிவுசெய்யத் தூணடியில் மேஸ்திரி வைத்திருக்கும் கேட்புப் பெட்டியில் நான் சொன்ன 'வா' இருக்கிறது, அதற்கப்புறம் வெறும் கரகரப்பு என்கிறீர்கள். காற்று பலமாக இருந்தது, எனக்கும் கேட்கவில்லை என்று முதலில் சொன்னேன். அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

நீங்கள் எழுதியதைக் கொஞ்சம் திருப்புங்கள், படிக்கிறேன். 'இறந்த சகோதரியின் குரலில் பேசி, தன் மூத்த சகோதரியை ஏமாற்றி.' எழுத்து நன்றாக இருக்கிறது. விஷயம் தப்பு. தப்பாக எழுதியதில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஆகையால் சொல்லிவிடுகிறேன்.

நான் 'வா' என்றதும் அவள் மூங்கிலை முதுகுப் பட்டையில் செருகிக்கொண்டாள். கொக்கி கழன்ற சத்தம் கேட்டது. கையை நீட்டுகிறபோது மூச்சை இழுத்துக்கொண்டு, வீட்டில் எதற்கோ கூப்பிட்டால் பதில் சொல்வாளே, அதே சாதாரணக் குரலில் சொன்னாள்:

"வரேன், இடோவு."

அந்த 'ஏமாற்றி' என்ற சொல்லை அடித்துவிடுங்கள் ஐயா. நான் யாரையும் ஏமாற்றவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.